கடற்கரைக்கு வேலி வராமல் இருக்க: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூர்க் கடற்கரைகள் காசில்லாமல், வேலியில்லாமல் எல்லாருக்கும் திறந்திருக்க என்ன செய்யலாம் என்று வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். “இதெல்லாம் யார் தப்பு?” என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

மரீன் பரேட் வாசி: அண்ணே, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை நமக்கு எப்போதும் இலவசம் என்று சட்டத்தில் இருக்கிறதா?

இப்போது இலவசம். ஆனால் “எப்போதும்” என்ற சொல்லை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது அரசாங்க நிலம். தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. பூங்காவாக இருக்கும்வரை பூங்கா விதிகள். தேவை என்றால் ஒரு பகுதியை மூடவும் செய்வார்கள். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எரிபொருள் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தபோது ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா கடற்கரைகள் மூடப்பட்டன. அந்த மாதிரி மூடலில் யாருக்கும் குறையில்லை, சுத்தம் செய்ததும் திறந்துவிட்டார்கள். நாம் கவனிக்க வேண்டியது நிலப் பயன்பாடு மாறுவதைத்தான். அது சத்தமில்லாமல், வரைபடத்தில் நடக்கும்.

பிடோக் ரெசர்வோர் ரோடு: அந்த வரைபடத்தை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும், காசும் இல்லை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் ‘யுஆர்ஏ ஸ்பேஸ்’ இணைய வரைபடத்தைத் திறந்து, பெருந்திட்ட (எந்த நிலம் எதற்கு என்று குறிக்கும் திட்டம்) அடுக்கைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கடற்கரை வரைக்கும் பெரிதாக்குங்கள். நிலத்துண்டைத் தொட்டால் வகை காட்டும். ‘பூங்கா’, ‘திறந்தவெளி’, ‘கடற்கரைப் பகுதி’ என்று இருந்தால் இப்போதைக்கு நிம்மதி. ‘ரிசர்வ் சைட்’ என்று இருந்தால் அதன் பயன்பாடு இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். “ரிசர்வ்” என்பதைப் படித்துவிட்டு “பாதுகாக்கப்பட்ட இடம்” என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது தலைகீழ் அர்த்தம்.

நிலம் யார் பெயரில் என்று தெரியவேண்டுமானால் நில ஆணையத்தின் ‘ஒன்மேப்’பில் நில விசாரிப்புப் பகுதி இருக்கிறது. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படுகிறது. கணக்கு அப்படியே வராது: 2019க்கு அடுத்த வரைவு 2025 ஜூனில்தான் வந்தது. வரைவு காட்சிக்கு வரும்போது எழுத்து மூலமாகக் கருத்தும் ஆட்சேபமும் சொல்லக் குறிப்பிட்ட கால அவகாசம் உண்டு. அந்தத் தேதி தாண்டினால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். எனவே பழைய ஸ்கிரீன்ஷாட்டும் புதிய வரைவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.

தெம்பனிஸ், ஆசிரியர்: கருத்து எழுதினால் யாராவது படிக்கிறார்களா, ஐயா? படிக்க வைக்க எப்படி எழுதுவது?

படிக்கிறார்கள். ஆனால் ஒரே வாசகத்தை நாற்பது பேர் அனுப்பினால் அது ஒரு கருத்துதான். நாற்பது பேர் நாற்பது விதமான பயன்பாட்டைச் சொன்னால் கதை வேறு.

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் இடம்: ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் எந்தப் பகுதி (ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள்), பக்கத்து விளக்குக்கம்பத்தின் எண். அடுத்து எண்ணிக்கை. கடற்கரைக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். “நிறைய பேர் வருகிறார்கள்” என்பதற்கு எடை இல்லை. நான்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்: வாரநாள் காலை 7, வாரநாள் மாலை 6, சனி மாலை 5, ஞாயிறு காலை 8. ஒரே இடத்தில் நின்று 15 நிமிடம் எண்ண வேண்டும். நடப்பவர், சைக்கிள், நீந்துபவர், குழந்தை, சக்கர நாற்காலி என்று ஐந்து பத்தி. மூன்று வாரம் செய்தால் 12 தாள் கிடைக்கும். மழை பெய்த நாளை விட்டுவிடாதீர்கள். “மழை, 4 பேர்” என்று எழுதுங்கள். நல்ல நாட்களை மட்டும் காட்டும் தாளை அனுபவமுள்ள அதிகாரி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியில் கேட்பது ஒன்றாக இருக்கட்டும். “வளர்ச்சியை நிறுத்துங்கள்” என்றால் பதில் நன்றிக் கடிதம். “இந்தத் துண்டில் நீர்விளிம்பை ஒட்டி ஐந்து மீட்டர் நடைப்பட்டை எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும்” என்றால் அவர்கள் ஆம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும்.

உட்லண்ட்ஸ்: இப்படி எழுதி எதுவும் நின்றிருக்கிறதா?

செக் ஜாவா. உபின் தீவின் கிழக்கு முனை. 1992லேயே நில மீட்புக்கு, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்க, திட்டமிட்ட இடம். 2001 இறுதியில் வேலை தொடங்க இருந்தது. தொண்டூழியர்கள் வற்றுநீரில் இறங்கி, கோடு பிடித்து, என்னென்ன உயிரினம் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பட்டியலாகக் கொடுத்தார்கள். வேலை ஒத்திவைக்கப்பட்டது. 2007 ஜூலையில் அங்கே நடைமேடை திறந்தது. ஆனால் சொல் ‘ஒத்திவைப்பு’. உபின் மேம்பாட்டுக்குத் தேவைப்படாதவரை என்பதுதான் நிபந்தனை. ரத்து என்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

ஜூரோங் வெஸ்ட், 24 வயது: அட்டை பிடித்து மணலில் நின்றால் என்ன? அமைதியாகத்தானே?

வேண்டாம் தம்பி. பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒரே ஆள் நின்றாலும், ஒரு விஷயத்தை ஆதரித்தோ எதிர்த்தோ நின்றால் அது கூட்டம். போலிஸ் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் செய்யக்கூடிய இடம் ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனை. அங்கும் முன்பதிவு உண்டு, ஏற்பாடு செய்பவர் குடிமகனாக இருக்க வேண்டும், வெளிநாட்டு நண்பர்கள் பங்கேற்கக்கூடாது. வேலை அனுமதியில் இருக்கும் அறைத்தோழரை ஆள் சேர்க்க அழைத்துப் போய்விடாதீர்கள், மாட்டிக்கொள்வது அவர்.

இணையத்தில் கையெழுத்து வாங்குவது தப்பில்லை. ஆனால் அது நாடாளுமன்ற மனு ஆகாது. அதை ஓர் உறுப்பினர் சபையில் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பு இரவில் போய் உட்கார்ந்து, அந்த 12 தாளைக் கொடுப்பது அதைவிட வேகமாக வேலை செய்யும்.

சிக்லாப்: லாங் ஐலண்ட் வந்தால் நம் கடற்கரை போய்விடுமா?

நேராகச் சொல்கிறேன். இப்போது அலை அடிக்கும் இடத்தில் அலை இருக்காது. 2023 நவம்பரில் அறிவித்தபடி, ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே கடலில் சுமார் 800 ஹெக்டர் நிலத்தை உருவாக்குவார்கள். அதற்கும் இன்றைய கரைக்கும் நடுவே ஒரு நீர்த்தேக்கம் வரும். அதாவது இன்றைய மணல், நீர்த்தேக்கக் கரையாகும். கடல் பார்க்கப் புதிய நிலத்தின் வெளி விளிம்புக்குப் போகவேண்டும். சுமார் 20 கிலோமீட்டர் புதிய நீர்முகப் பூங்கா என்று சொல்லியிருக்கிறார்கள்.

காரணம் வீம்பு இல்லை. இந்த நூற்றாண்டின் முடிவில் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது தேசியக் கணிப்பு. ஈஸ்ட் கோஸ்ட் வட்டாரமோ தாழ்வானது. கரை நெடுக மூன்று மீட்டர்ச் சுவர் எழுப்பினால் கடலை எட்டிப் பார்க்கத்தான் முடியும். என் கணக்கில், திட்டத்தை எதிர்ப்பதில் நேரத்தைச் செலவழிப்பதைவிட, ஆய்வுகள் நடக்கும் இந்த ஆண்டுகளில் மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொள்ளலாம். புதிய வெளிக்கரையில் எத்தனை மீட்டர் மணலாக இருக்கும், எத்தனை மீட்டர் பாறைச்சரிவாக இருக்கும்? “நீர்முகப் பூங்கா” என்ற சொல்லில் இரண்டும் அடங்கிவிடும். பழைய கரை மூடப்படும் நாளுக்கும் புதிய கரை திறக்கும் நாளுக்கும் நடுவே எத்தனை ஆண்டு? புதிய கரைக்குக் கார் இல்லாமல் எப்படிப் போவது?

மூன்றாவதைச் சின்னதாக எண்ணாதீர்கள். 2024 ஜூன் 23 அன்று மரீன் பரேட், மரீன் டெரஸ், சிக்லாப், பேஷோர் எம்ஆர்டி நிலையங்கள் திறந்தபின், விரைவுச்சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதை வழியாக நடந்தே மணலைத் தொட முடிகிறது. பஸ் பிடித்து, சைக்கிள் வாடகைக்கு எடுத்து இன்னும் ஒரு கிலோமீட்டர் என்றால், காசு வாங்காவிட்டாலும் பாட்டிக்கு அது மூடிய கரைதான்.

பாசிர் ரிஸ், இரண்டு பிள்ளைகளின் அம்மா: சனிக்கிழமை ஏதோ நிகழ்ச்சிக்காகக் கயிறு கட்டிவிட்டார்கள். கேட்டால் “அனுமதி இருக்கு” என்கிறார்கள்.

அனுமதி இருக்கலாம். அது எந்த இடத்துக்கு, எத்தனை மணி வரை என்பதுதான் கேள்வி. சண்டை போடாமல் அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கயிறு, கம்ப எண், நேரம் மூன்றும் தெரியும்படி ஒரே படம் எடுத்து ஒன்சர்விஸ் என்ற அரசாங்கப் புகார்ச் செயலியில் போடுங்கள். அன்றைக்கே போடவேண்டும், திங்கட்கிழமை கயிறு இருக்காது. வெறும் கூடாரம் போட்டு நிழலைச் ‘சோப்’ பண்ணுகிறவர்களுக்கும் (இடம் பிடித்துவைப்பவர்களுக்கும்) இதே வழி. முகாமுக்கு அனுமதி கட்டாயம்.

தோ பாயோ: செந்தோசாவுக்குக் காசு கட்டணுமே?

கடற்கரைக்கு இல்லை. விவோசிட்டியிலிருந்து நடைபாலத்தில் நடந்து போனால் நுழைவும் இலவசம். சாய்வு நாற்காலிக்காரர்களுக்குத்தான் காசு.

செங்காங், பள்ளிக் குழுத் தலைவி: அண்ணே, கடற்கரைத் துப்புரவுக்கு முப்பது மாணவர்கள். என்ன எடுத்துப்போவது?

முப்பது பேருக்கு 15 இடுக்கி, 15 பை போதும். ஒருவர் எடுக்க, ஒருவர் பிடிக்க, பாதியில் மாற. ஆளுக்கொரு பை கொடுத்தால் பாதிப் பை வீணாகும். ரப்பர் பூசிய கையுறை, மூடிய காலணி, பெட்டி எடைபோடும் கொக்கித் தராசு ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றில், மே முதல் அக்டோபர் வரை, ஈஸ்ட் கோஸ்ட்டில் கடல்குப்பை அதிகம். நீர் வற்றத் தொடங்கும் நேரத்தில் ஆரம்பித்து, முதலில் காய்ந்த பாசிக்கோட்டில் தேடுங்கள். குனிந்து கையால் பாசியைக் கிளறினால் கீழே நுரைப்பெட்டித் துகள் அரிசிக்குருணை மாதிரி கொட்டும். அதை இடுக்கியால் எடுக்க முடியாது. மாவு சலிக்கும் சல்லடை இரண்டு கொண்டுபோங்கள்.

ஊசி, எண்ணெய்ப் பீப்பாய், மணலில் பாதி புதைந்த வலை: தொடவேண்டாம், இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள். வலையை இழுத்தால் அதில் வேர்விட்ட கன்றும் வரும். மணலில் டயர்த்தடம் மாதிரிக் கோடு கடலிலிருந்து ஏறினால் அது ஆமையாக இருக்கலாம். அழுங்காமைகள் இங்கே கரையேறி முட்டையிடுவதுண்டு. விளக்கு அடிக்காமல் விலகி நின்று பூங்காக் கழகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

ஈசூன்: நீந்தலாமா?

சுற்றுப்புற வாரியம் எண்டரோகாக்கஸ் கிருமியை அளந்து இணையத்தில் போடுகிறது. 100 மில்லிலிட்டருக்கு 200 வரை என்பதுதான் அளவுகோல். பெருமழைக்குப் பிறகு ஓரிரு நாள் பொறுங்கள், கால்வாய்த் தண்ணீர் நேரே கடலுக்குத்தான் வரும்.

காத்தோங்: மணல் குறைந்துகொண்டே போகிறது. யாராவது அள்ளுகிறார்களா?

அலைதான் அள்ளுகிறது. ஈஸ்ட் கோஸ்ட் 1966இல் தொடங்கிய நில மீட்பில் உருவான கரை. தானாக மணல் கொண்டுவரும் ஆறு இல்லை. பாறைத் திட்டுகளுக்கு நடுவே வளைகுடா மாதிரி வளைந்திருப்பது மணலைத் தேக்கத்தான். அலை சாய்வாக வரும்போது வளைவின் ஒரு முனையில் அரித்து மறுமுனையில் சேர்க்கும். அரித்த இடத்தில் மணல் கத்தியால் வெட்டிய கேக் மாதிரி முழங்கால் உயரத்துக்கு நிற்கும், மரவேர் தொங்கும். மாதம் ஒருமுறை, அதே கம்பத்தடியில் நின்று, ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஒரே உயரத்தில் இருக்கும்போது படம் எடுங்கள். ஓதம் மாறினால் ஒப்பிட முடியாது. கல்லைக் கொண்டுவந்து போடாதீர்கள். பக்கத்து மணலும் போகும்.

லிட்டில் இந்தியா, பெரியவர்: அஸ்தி கரைப்பதைக் கடற்கரையில் செய்யலாமா, தம்பி?

ஐயா, அதற்கென்று ஒதுக்கிய இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில், காலை 7 முதல் மாலை 7 வரை. படகு வைத்துத்தான் போகவேண்டும். கரையில் சடங்கு செய்கிற குடும்பங்கள் பூவையும் சாதத்தையும் பிளாஸ்டிக் பையோடு விட்டுவிட்டு வருவதுதான் புகாராகிறது. வாழையிலையில் வைத்து, முடிந்ததும் அதே இலையில் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் சேர்க்கச் சொல்லுங்கள். குப்பை போட்டு முதல்முறை நீதிமன்றம் போனாலே 2,000 வெள்ளி வரை அபராதம். துக்கத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

பொங்கோல்: “நம் கடற்கரை” என்று ஒரு குழு தொடங்கலாமா?

தொடங்குங்கள். பெயர், பொருளாளர் என்று அமைப்பாகி 10 பேரை எட்டினால் சங்கப் பதிவு வேண்டும். வெறும் வாட்ஸ்அப்பில் ஓதநேரம் பகிர்கிற அளவில் இருந்தால், இந்த ஞாயிறு காலை 8 மணிக்கு எண்ணிக்கைத் தாளோடு ஆரம்பித்துவிடலாம்.