ஆபீஸ் மீட்டிங்குக்கும் ராத்திரி கேமுக்கும் ஒரே ஹெட்செட்: எதைப் பார்த்து வாங்குவது?

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சென்னையில் இருக்கும் ஓர் ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, மாதம் ஒருமுறை மட்டும் நேரில் போய் வருகிறார். பகலெல்லாம் டீம்ஸ் மீட்டிங், ராத்திரி பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு வலோரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். "அண்ணே, கையில ஒரு ப்ளூடூத் ஹெட்போன் இருக்கு, நாய்ஸ் கேன்சலிங் எல்லாம் உண்டு. பாட்டு அருமையாக் கேட்குது. ஆனா மைக்கை ஆன் பண்ணினதும் சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுது. மீட்டிங்ல மேனேஜர் 'உங்க வீட்ல மிக்ஸி ஓடுதா'ன்னு கேட்கிறார். பத்தாயிரத்துக்குள்ள ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வயர்லெஸ் ஹெட்செட் சொல்லுங்க. கண்ணாடி போடுறவன், வெயில் காலத்துல காது வெந்து போகுது." இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூ.எஸ்.பி. டாங்கிளோடு (லேப்டாப்பில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஹெட்செட், அதாவது ப்ளூடூத் இல்லாமல் அந்த டாங்கிளோடு நேரடியாகப் பேசும் வகை, வாய்ப் பக்கம் நீளும் மைக், துணி மெத்தை, எடை 300 கிராமுக்குள். போனுக்காக ப்ளூடூத்தும் கூட இருந்தால் நல்லது. வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங்குக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

உங்கள் ஹெட்போனில் பழுது எதுவும் இல்லை. ப்ளூடூத் இரண்டு விதமாக வேலை செய்கிறது. பாட்டு மட்டும் கேட்கும்போது ஏ2டி.பி. என்ற வழியில் ஸ்டீரியோ ஒலி வரும், அதில் மைக்குக்கு இடமே கிடையாது. மைக்கைத் திறந்த நொடியில் எல்லாமே எச்.எஃப்.பி. என்ற இன்னொரு வழிக்குத் தாவிவிடும். அது கார் ஓட்டிக்கொண்டே போன் பேசுவதற்காக அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. பாட்டு 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் விகிதத்தில் (ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளக்கிறது என்ற கணக்கு) வந்துகொண்டிருந்தது, இங்கே 16-க்கோ, பழைய கருவி என்றால் 8-க்கோ இறங்கிவிடும். அதோடு ஸ்டீரியோ போய் மோனோவாகிவிடும். மீட்டிங்குக்கு இது பரவாயில்லை, மேனேஜர் சொல்வது புரிந்தால் போதும். வலோரண்டில் காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதானே உயிர்? மோனோவில் இடமும் கிடையாது, வலமும் கிடையாது. நீங்கள் சுடப்பட்ட பிறகுதான் எதிரி எந்தப் பக்கம் நின்றான் என்று தெரியும்.

அடுத்தது தாமதம். சாதாரண ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிசெகண்ட் ஆகும். யூட்யூபில் இது தெரியாததற்குக் காரணம், படத்தையும் அதே அளவுக்கு நிறுத்தி வைத்து உதட்டசைவைச் சரிக்கட்டிவிடுவார்கள். கேமில் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. டாங்கிள் ஹெட்செட்டில் இந்தத் தாமதம் பொதுவாக 20 முதல் 40 மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும், மைக் திறந்திருந்தாலும் ஸ்டீரியோ அப்படியே இருக்கும்.

இதற்குத்தான் ப்ளூடூத்திலேயே எல்.இ. ஆடியோ என்ற புதிய ஒலி முறை வந்துவிட்டதே என்று யாராவது கேட்பார்கள். வந்துவிட்டதுதான். 2020-ல் வந்த ப்ளூடூத் 5.2-தான் அதற்கு வழி திறந்தது, எல்.சி.3 என்ற புதிய கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இந்தச் சிக்கலை நன்றாகவே தீர்க்கிறது. ஆனால் ஹெட்செட், லேப்டாப்பின் ப்ளூடூத் சிப், அதன் டிரைவர், விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பு எல்லாம் ஒன்றாகக் கைகொடுத்தால்தான் அது வேலை செய்யும். பெட்டியில் 'ப்ளூடூத் 5.3' என்று போட்டிருப்பதால் எல்.இ. ஆடியோ இருக்கிறது என்று அர்த்தமில்லை, அது கட்டாயமில்லாத வசதி. கடைக்காரர் 5.3 என்று அழுத்திச் சொன்னால் சிரித்துக்கொண்டு தலையாட்டிவிட்டு டாங்கிள் எங்கே என்று கேளுங்கள்.

டாங்கிளிலும் ஒரு பொறி உண்டு. ஜாப்ரா, பாலி போன்ற கம்பெனிகளின் ஆபீஸ் ஹெட்செட்டுகளோடும் ஒரு யூ.எஸ்.பி. டாங்கிள் வரும், அதைப் பார்த்து இதுவும் அதேதான் என்று நினைத்துவிடுவோம். அவற்றில் பெரும்பாலானவை உள்ளே ப்ளூடூத்தில்தான் பேசுகின்றன. மைக் அற்புதமாக இருக்கும், டீம்ஸுக்கு என்றே தனிப் பொத்தான் இருக்கும், ராத்திரி கேமுக்கு மட்டும் மறுபடி அதே கிணறுதான். மீட்டிங்கில் நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கும் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வகையை வாங்கலாம். உங்களுக்கு அது வேண்டாம். பெட்டியில் '2.4 ஜிகாஹெர்ட்ஸ்' அல்லது 'லோ லேட்டன்சி வயர்லெஸ்' என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். நாய்ஸ் கேன்சலிங் என்பது உங்கள் காதுக்கு மட்டும்தான், மேனேஜர் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் காதிலும்கூட, மாறாமல் ஒரே சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலைத்தான் அது நன்றாக அடக்கும்: ஏ.சி., பஸ் இன்ஜின், ரயில் பெட்டியின் உறுமல். மிக்ஸி, ஷேர் ஆட்டோ ஹாரன், பக்கத்து வீட்டு நாய், ஆடி மாதத்துக் குழாய் ஸ்பீக்கர் இதெல்லாம் அதன் கைக்கு அடங்காது. மேனேஜருக்கு மிக்ஸி கேட்காமல் இருக்க வேண்டுமென்றால் வேலை மைக் பக்கம் நடக்க வேண்டும். காதுக் கிண்ணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது, அதில் உங்கள் குரலோடு சமையலறையும் சேர்ந்தே பதியும். நீளும் மைக்கை உதட்டு ஓரத்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். உங்கள் குரல் பெரிதாகப் பதிவதால் மைக்கின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம், குறைத்தால் பின்னால் இருப்பதெல்லாம் தானாகச் சிறுத்துவிடும். வாய்க்கு நேராக வைத்தால் 'ப', 'ஃப' வரும்போதெல்லாம் புஸ் புஸ் என்று காற்று அடிக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருபவர் என்றால் மைக் முனையில் ஒரு பஞ்சு உறை கட்டாயம்.

மிச்சத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். டீம்ஸ், ஸூம், டிஸ்கார்ட் மூன்றிலும் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, செட்டிங்ஸில் ஆன் செய்தால் போதும், மிக்ஸி கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஹெட்செட்டின் சொந்த மென்பொருளிலும் இதே வசதி இருந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் உங்கள் குரலையே இரைச்சல் என்று நினைத்து நடுநடுவே வெட்டிவிடும்.

ஒரு வசதியைப் பெட்டியில் யாரும் பெரிதாகப் போடுவதில்லை, ஆனால் எனக்கு அது முக்கியம். சைட்டோன் என்பார்கள். நீங்கள் பேசுவது உங்கள் காதிலேயே மெல்லக் கேட்கும். காதை மூடிக்கொண்டு பேசும்போது நாம் அறியாமலே கத்துகிறோம், ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டில் எல்லோரும் எழுந்து வந்து நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரி, வெயில். மதுரையில் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ரெக்சின் மெத்தை கடையில் போட்டுப் பார்க்கும்போது சொகுசாக இருக்கும், வெளிச் சத்தத்தையும் நன்றாக மறைக்கும். சித்திரை வைகாசியில் மாடி அறையில் நான்கு மணி நேரம் போட்டால் காதோரம் வேர்த்து ஊறிவிடும், அப்படியே ஓரிரு வருஷத்தில் கறுப்புக் கறுப்பாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். துணி மெத்தையில் காற்றோட்டம் உண்டு, வேர்வை உறிஞ்சும். என்ன, வெளிச் சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நம்ம ஊருக்குத் துணிதான். எதுவாக இருந்தாலும் மெத்தையைக் கழற்றி மாற்ற முடிகிறதா, அதே மாடலுக்குத் தனி மெத்தை கிடைக்கிறதா என்று வாங்குமுன் தேடிப் பாருங்கள்.

கண்ணாடிக்காரர்களுக்கு எடையைவிட இறுக்கம்தான் தொல்லை. கண்ணாடிக் கால் மேல் மெத்தை அழுத்தி அரைமணி நேரத்தில் காதுக்கு மேலே வலிக்கத் தொடங்கும். மெத்தை தடிப்பாகவும் மெதுவாகவும் இருந்தால் கால் அதற்குள் புதைந்துகொள்ளும். புதிது ரொம்ப இறுக்கினால், தலை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புத்தகங்களை அடுக்கி அதன் மேல் ஒரு ராத்திரி மாட்டி வைத்தால் தளரும்.

மாடல் பெயர் சொல்லாமல் விட்டால் திட்டுவீர்கள். லாஜிடெக் ஜி435 வெறும் 165 கிராம், துணி மெத்தை, டாங்கிளும் ப்ளூடூத்தும் உண்டு, வெயிலுக்கும் கண்ணாடிக்கும் இதைவிட லேசானது கிடைப்பது கஷ்டம். ஆனால் மைக் கிண்ணத்துக்குள்ளே இருக்கிறது, மிக்ஸி வீட்டுக்கு அது சரிப்படாது. ரேஸர் பாரக்குடா எக்ஸ் 250 கிராம், கழற்றி மாட்டும் மைக், டாங்கிள் யூ.எஸ்.பி. சி வகை. 2022-ல் வந்த பதிப்பில்தான் ப்ளூடூத்தும் சேர்த்தார்கள், அதனால் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்களா என்று பாருங்கள். ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா 7 டாங்கிளையும் ப்ளூடூத்தையும் ஒரே நேரத்தில் கலந்து தரும்: கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா போன் செய்தால் எடுத்துப் பேசலாம். உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும், பெரிய தள்ளுபடி வந்தால் மட்டும் யோசியுங்கள். ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் 300 மணி நேரம் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது, ஆனால் ப்ளூடூத் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாரக்குடா எக்ஸ் மாதிரியான ஒன்றைத்தான் எடுப்பேன். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 30 மணி நேரம் இருந்தாலே மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாளிலும் தாங்கும், அன்றைக்கு உங்கள் பிரச்சினை ஹெட்செட் இல்லை, ரவுட்டர். சார்ஜ் ஏறும்போதே பயன்படுத்த முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மத்தியான வெயிலில் நிறுத்தாதீர்கள், லித்தியம் பேட்டரிக்கு ஆகாது.

7.1 சரவுண்ட் (சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பது போலக் காட்டும் ஒலி) என்று பெட்டியில் மினுங்கினால் கடந்து போங்கள். வலோரண்டிலேயே திசையைக் காட்டும் எச்.ஆர்.டி.எஃப். வசதி இருக்கிறது, ஹெட்செட்டின் சரவுண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் ஒன்றை ஒன்று குழப்பும். கலர் லைட் உங்கள் தலையில் எரிகிறது, நீங்கள் பார்க்கப்போவதில்லை.

கம்பெனி லேப்டாப்பில் பென்டிரைவ் போட முடியாது, டாங்கிள் வேலை செய்யுமா என்ற சந்தேகம் வரும். தடுத்திருப்பது பெரும்பாலும் சேமிப்புக் கருவிகளை. டாங்கிள் தன்னை ஒரு சவுண்ட் கார்டாகத்தான் அறிமுகப்படுத்திக்கொள்ளும், டிரைவர் தேவைப்படாமல் ஓடிவிடும். சில இடங்களில் அதற்கும் அனுமதி வேண்டும், ஐ.டி. டெஸ்க்குக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஹெட்செட் மென்பொருளை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் போட்டு மைக் அளவு, சைட்டோன் எல்லாம் அங்கேயே அமைத்துக்கொண்டால், சில மாடல்களில் அந்த அமைப்பு ஹெட்செட்டுக்குள்ளேயே பதிந்துவிடும்.

வாங்கிய பிறகு ஒலி விட்டு விட்டு வந்தால் உடனே திருப்பி அனுப்பாதீர்கள். யூ.எஸ்.பி. 3.0 இணைப்பு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இரைச்சலைக் கக்குகிறது, இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை நீலநிறத் துளையில் செருகி, பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஓடினால் கரகரப்பு வர வாய்ப்பு அதிகம். ஒரு சின்ன யூ.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளை மாட்டி மேஜை மேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தால் தீரும். லேப்டாப்பின் வைஃபையையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், வில்லாபுரத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு ரவுட்டர் இருக்கும்போது 2.4-ல் இடமே இருக்காது. அப்புறம் டாங்கிளைத் தொலைக்காதீர்கள். தனியாகக் கிடைப்பது அபூர்வம், அது போனால் பல மாடல்களில் ஹெட்செட்டும் போன மாதிரிதான்.

டவுன் ஹால் ரோட்டிலோ பைபாஸ் ரோட்டிலோ கடைக்குப் போய் வாங்குவதாக இருந்தால் லேப்டாப்பையும் கண்ணாடியையும் கொண்டு போங்கள். பெட்டியைப் பிரித்துக் காட்டும் கடையாகப் பார்த்து, வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, கடைச் சத்தத்துக்கு நடுவே ஒரு நிமிஷம் பேசிப் பதிவு செய்து அங்கேயே கேளுங்கள். தெரு இரைச்சலில் உங்கள் குரல் தெளிவாக இருந்தால் வீட்டு மிக்ஸி ஒன்றும் செய்யாது. ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள், இந்திய வாரண்டி உண்டா என்று கேளுங்கள், வெளிநாட்டுச் சரக்கு என்று ஆயிரம் குறைத்துத் தருபவரிடம் அது இருக்காது.

புதிது வரும் வரைக்கும் பழையதை வைத்தே சமாளிக்க ஒரு வழி உண்டு. டீம்ஸிலும் வலோரண்டிலும் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும், மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்வு செய்யுங்கள். ஹெட்போன் மைக்கை யாரும் திறக்காததால் ஸ்டீரியோ போகாது. தாமதம் இருக்கத்தான் செய்யும், லேப்டாப் மைக்கில் மின்விசிறியும் கேட்கும், ஆனால் அந்தக் கிணத்துச் சத்தம் இன்றைக்கே நின்றுவிடும். பழையதை விற்றுவிடவும் வேண்டாம். மாதாமாதம் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிறீர்கள் இல்லையா, அந்த நாய்ஸ் கேன்சலிங் உண்மையில் காசுக்கு வேலை செய்யும் இடம் அந்த ரயில்தான்.