அடித்து மூன்று நாள், பூச்சி இன்னும் பறக்கிறது

சோளகக் காற்று எழும்பியதில் இருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி, பூச்சிகொல்லிப் பங்கசுகளை, அதாவது பூச்சியைக் கொல்லும் பூஞ்சணங்களைப் பற்றியவை. அதில் பாதி முறைப்பாடு. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

விசுவமடு: அண்ணை, பச்சை மிளகாயில் வெள்ளை ஈ. கடையில் இயற்கை மருந்து என்று ஒரு பவுடர் தந்தார்கள். காலை பத்து மணிக்கு அடித்தேன். மூன்று நாளாகியும் ஈ பறக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

கடைக்காரரைத் திட்ட முதல் அந்தப் பத்து மணியைப் பற்றிப் பேசுவோம், தம்பி. பக்கற்றுக்குள் இருப்பதை மருந்து என்று நினைத்ததில்தான் பிழை. அது விதை. லெக்கானிசிலியம் என்றோ பிவேரியா என்றோ அதில் எழுதியிருக்கும். இரண்டும் பங்கசுகள், பவுடரில் இருப்பது அவற்றின் வித்திகள். வித்தி பூச்சியின் உடம்பில் ஒட்ட வேண்டும், ஈரம் குடித்து முளைக்க வேண்டும், முளைத்த நூல் தோலைக் கரைத்துத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். பூச்சி அதைத் தின்ன வேண்டியதில்லை, மேலே பட்டாலே போதும். வெள்ளை ஈ மாதிரிச் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு இது பொருந்துவது அதனால்தான். உள்ளே போனபின் இரத்தத்தில் பெருகி, நான்கு நாளில் இருந்து பத்து நாளுக்குள் ஆளை முடிக்கும். மூன்றாம் நாள் பறந்த ஈக்குள் பங்கசு வேலையைத் தொடங்கியிருந்தாலும் அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் தொடங்கியிருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். முளைப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதன் பல மணித்தியாலம் இருக்க வேண்டும். 25 தொடக்கம் 30 பாகை செல்சியஸ் அதற்குச் சுகமான வெப்பம். 35 பாகையைத் தாண்டினால் பெரும்பாலானவை வளராமல் நின்றுவிடும். நேர் வெயிலில் கிடந்தால் சில மணித்தியாலத்தில் வித்தி செத்தே போகும். சோளகக் காற்றில் உடுப்பு அரை மணித்தியாலத்தில் காயும் ஊரில், காலை பத்து மணிக்கு இலைமேல் விழுந்த வித்தி என்னவாகும் என்று நீங்களே யோசியுங்கள்.

தோட்டத்துக்கு இறைத்த நாளில், பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு அடியுங்கள். முழு இரவும் அதற்குக் கிடைக்கும். குழாயின் தலையைத் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனையும்படி பிடியுங்கள். வெள்ளை ஈயின் குஞ்சுகள் செதிள் மாதிரி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு, மூன்று முறை அடிக்க வேண்டிவரும். லீற்றருக்கு 5 கிராம் அளவில் பொதுவாகச் சொல்வார்கள், ஆனாலும் உங்கள் பக்கற்றில் எழுதியிருப்பதுதான் கணக்கு. பவுடரை முதலில் சின்ன வாளியில் கரைத்துத் துணியில் வடித்துத் தாங்கிக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் குழாய் அடைக்கும். கரைத்ததை அன்றைக்கே அடித்து முடியுங்கள்.

இன்னொன்று. இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் பனிப்பூச்சியாக இருக்கலாம், கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிற்றுண்ணியாக இருக்கலாம். வெள்ளை ஈ என்று ஒருவர் சொன்னதும் மருந்து வாங்க ஓடாமல், இலையைத் திருப்பி ஒருக்கால் பாருங்கள்.

செட்டிகுளம்: சோளத்தில் படைப்புழு. இதற்கும் பங்கசு உண்டா?

உண்டு. பிவேரியாவும் மெற்றாரைசியமும் இதைத் தாக்கும். மெற்றாரைசியத்தில் ரிலேயி என்ற இனம் புழுக்களையே குறிவைப்பது. இந்தப் புழு 2018இல் இலங்கைக்குள் வந்ததில் இருந்து கமக்காரர் கையில் கிடைத்ததை எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டார்கள். புழுவின் வால்பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் அதுவேதான். அடிக்க வேண்டிய இடம் குருத்து. இலைப்பரப்பில் அடிப்பது காசைக் காற்றில் விடுவது. குருத்துக்குள் நிழலும் இருக்கும், விடிய விடியப் பனித்தண்ணீரும் நிற்கும். பங்கசுக்கு அதைவிட நல்ல வீடு சோளப் பயிரில் வேறு இல்லை. ஆனால் புழு விரல் மொத்தத்துக்கு வந்து, குருத்து எச்சத்தால் அடைபட்ட பிறகு அடித்துப் பயன் குறைவு. இலையில் ஊசித்துளைகளும் வெள்ளைச் சுரண்டலும் தெரியும்போதே தொடங்க வேண்டும்.

பரந்தன்: நெல்லுக்கு அறக்கொட்டி (சாறு உறிஞ்சும் தத்திப் பூச்சி). எரிபந்தநோய்க்குப் பங்கசுநாசினியும் அடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் கலந்து ஒரே தாங்கியில் அடிக்கலாமா?

கூடாது. பங்கசைக் கொல்லும் மருந்து இதையும் கொல்லும். இரண்டுக்கும் இடையில் ஒரு கிழமையாவது விடுங்கள், தாங்கியை நன்றாகக் கழுவுங்கள். அறக்கொட்டி தூரில்தான் குந்தியிருக்கும், ஆகவே குழாயைக் கீழே விட்டு அடியுங்கள். நெல்லின் தூரடியில் ஈரத்துக்குக் குறைவில்லை, அங்கே பங்கசுக்கு நல்ல வாய்ப்பு.

ஒட்டுசுட்டான்: ஐயா, தென்னம்பிள்ளை இருபது வைத்தேன். கருவண்டு குருத்தைக் குடைகிறது. பொடி தூவலாமா?

தூவ வேண்டிய இடம் தென்னை இல்லை, அம்மா. உங்கள் சாணக்கிடங்கு. வண்டு குருத்தில் குடைவது இரவு வேலை. முட்டையிடுவதும் பிள்ளை வளர்ப்பதும் மக்கிய சாணத்திலும், விழுந்து உக்கிய தென்னங்குற்றியிலும்தான். ஒருமுறை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வளவில் மண்வெட்டியால் சாணக்குவியலைக் கிளறிப் பார்த்தோம். மேலே ஒன்றும் இல்லை. ஒரு முழம் கீழே போனதும் வெள்ளை வெள்ளையாக, பெருவிரல் மொத்தத்தில், ஆங்கில ‘C’ எழுத்தைப் போல வளைந்த குடம்பிகள் வந்தன. வீட்டுக்கார அம்மா கோழிகளை அவிழ்த்துவிட்டார். அதுவும் ஒரு உயிரியல் கட்டுப்பாடுதான்!

இங்கே வேண்டியது மெற்றாரைசியம். பக்கற்றில் சொன்ன அளவில் தண்ணீரில் கரைத்து, குவியலைக் கிளறிக் கிளறி ஊற்றிக் கலக்குங்கள். மேலே தெளித்துவிட்டு வந்தால் குடம்பி கிடக்கும் ஆழத்துக்குப் போகாது. சாணம் ஈரமாகவும் நிழலாகவும் இருக்கட்டும். மேலே கிடுகு போட்டு மூடுங்கள். சில கிழமை கழித்துக் கிளறினால் குடம்பிகள் விறைத்து, காய்ந்த ரொட்டித்துண்டு மாதிரி இருக்கும். முதலில் வெள்ளைப் பூச்சு வரும், பிறகு அது பாசி நிறத்துக்கு மாறும். அந்தப் பாசிநிறப் பொடி முழுக்கப் புது வித்தி. அதை எடுத்து எறியாமல் குவியலுக்குள்ளேயே விடுங்கள். உக்கிய குற்றிகளை அகற்றுங்கள். ஏற்கனவே குடைந்து உள்ளே இருக்கும் வண்டைக் கொக்கிக் கம்பியால் இழுத்தெடுக்கத்தான் வேண்டும். அந்த வேலையைப் பங்கசு உங்களுக்காகச் செய்யாது.

இந்தப் பங்கசைப் பற்றி ஒரு பழைய செய்தி: 1879இல் மெச்னிக்கோவ் என்ற விஞ்ஞானி கோதுமையைத் தின்னும் வண்டின் உடம்பில் இதைக் கண்டு, பூச்சியைக் கொல்ல இதைப் பயன்படுத்தலாம் என்று சொன்னார். அந்த யோசனைக்கு 140 வயதுக்கு மேல்.

மாங்குளம்: பக்கற் விலை அதிகம். சோற்றில் வளர்த்துக்கொள்ளலாம் என்று வீடியோ பார்த்தேன். நானே செய்யலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்து வருடத்துக்கு முன்பு, அரை அவியலாக அவித்த அரிசியைப் பைகளில் போட்டுப் பிரஷர் குக்கரில் அவித்து, ஆறவிட்டு, மெற்றாரைசிய வித்தி கலந்து கட்டி வைத்தேன். எட்டாம் நாள் நான்கு பை பச்சையாகின. எனக்குப் பெருமை. ஆனால் ஐந்தாவது பையின் பச்சையில் மஞ்சள் கலந்திருந்தது, மணமும் வேறு. அது மெற்றாரைசியம் இல்லை, அஸ்பர்ஜிலஸ். அஃபிளாரொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கக்கூடிய வகையும் அதில் உண்டு. கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் தின்ன வேண்டாம் என்பது இதற்காகத்தான். வெறும் கண்ணுக்கு இரண்டும் பச்சை. ஐந்து பையையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

ஆகவே வீட்டில் வேண்டாம். ஆய்வுகூட வசதியும் பார்த்துச் சொல்ல ஆளும் இருக்கும் இடத்தில் செய்யலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது. உங்கள் விவசாயப் போதனாசிரியரோடு போய்க் கேட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது காலாவதித் திகதியோடு கடையின் கூரையையும் பாருங்கள். தகரக்கூரைக்குக் கீழே, வெயில் விழும் தட்டில் அடுக்கியிருந்தால் திகதி சரியாக இருந்தும் பயன் இல்லை. மோட்டார் சைக்கிள் சீற்றுக்கடியில் வைத்து வவுனியாவில் இருந்து ஏ9 வீதியில் கொண்டு வராதீர்கள். ஈரத்துணியில் சுற்றிய பைக்குள் வையுங்கள்.

நெடுங்கேணி: மாட்டுக்கு, தேனீக்கு ஒன்றும் ஆகாதா?

மாட்டுக்குப் பிரச்சினை இல்லை. தேனீ திரியும் நேரத்தில் பூவில் அடிக்காதீர்கள், பின்னேரம் அடித்தால் அந்தச் சிக்கலும் குறையும். தூளை மூச்சில் இழுத்தால் சிலருக்கு ஒவ்வாமை வரும், முகக்கவசம் போடுங்கள்.

பூநகரி: பயற்றங்கொடியில் ஒரு புழு வெள்ளைப் பஞ்சு மூடி விறைத்துச் செத்துக் கிடந்தது. இது நோயா? பயிருக்குப் பரவுமா?

பயிருக்குப் பரவாது. பஞ்சு மூடி, கட்டியாக விறைத்திருந்தால் யாரும் அடிக்காமலே உங்கள் தோட்டத்தில் பங்கசு வேலை செய்கிறது என்று அர்த்தம். கறுத்து, தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தண்ணீராக வழிந்தால் அது வைரசு நோய். அதுவும் உங்கள் பக்கம்தான். இரண்டையும் பிடுங்காதீர்கள். அந்தக் கொடிக்கு இந்தக் கிழமை மருந்தடிக்காமல் விட்டு, மற்றப் புழுக்களை எண்ணிப் பாருங்கள்.