போர்க்காலத்தில் பழங்கதை எதற்கு?

கேள்வி: கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் போரின் வலியில் பிறந்தவை என்கிறார்கள். படித்தால் எல்லாம் ட்ராய், தீப்ஸ் என்று பழைய நகரங்களின் பழங்கதையாக இருக்கிறதே?

பதில்: நேரடியாகச் சொல்லிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார்கள். கி.மு. 494-இல் ஏதென்ஸின் உறவு நகரமான மிலேட்டஸ் பாரசீகர்களிடம் வீழ்ந்தது. ஏதென்ஸ் நாடகாசிரியர் ஃப்ரினிக்கஸ் அதை நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தைக் கிளறினார் என்று அவருக்கு 1,000 திராக்மா (அன்றைய வெள்ளிக் காசு) அபராதம், நாடகத்துக்குத் தடை. பச்சைப் புண்ணைத் தொட்டால் அழத்தான் முடியும், யோசிக்க முடியாது.

நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் கதை நடக்கும் இடத்தை மாற்றினார். பாரசீகர்களை எதிர்த்த மராத்தான் போரில் வாளேந்தியவர், அங்கே சகோதரனைப் பறிகொடுத்தவர். பாரசீகர்களைக் கிரேக்கர்கள் வென்ற சலாமிஸ் கடற்போர் முடிந்து 8 ஆண்டில், கி.மு. 472-இல், அவர் எழுதிய ‘பாரசீகர்கள்’ நடப்பது தோற்றவர்களின் தலைநகரான சூசாவில். வென்ற கிரேக்கர் ஒருவரின் பெயர்கூட அதில் கிடையாது. உடைந்த துடுப்புகளால், சூரை மீன்களை அடிப்பதுபோல் கிரேக்கர்கள் எங்களை அடித்தார்கள் என்கிறான் தூதன். அந்தக் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள்! எனக்கு இதைவிடத் துணிச்சலான நாடகம் தெரியாது.

இன்னொரு நாடகாசிரியரான யூரிப்பிடிஸ் கதை நடக்கும் காலத்தை மாற்றினார். மீலோஸ் தீவு ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் ஏதென்ஸ் அடிமைகளாக விற்ற சில மாதங்களில், கி.மு. 415-இல், வீழ்ந்த ட்ராயின் பெண்கள் அடிமைகளாவதைச் சொல்லும் அவருடைய ‘ட்ராய் நாட்டுப் பெண்கள்’ அரங்கேறியது. மீலோஸை நினைத்தே எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பார்த்தவர்களுக்கு நினைவு வராமல் இருந்திருக்குமா? நாடகப் போட்டியில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. அந்தக் கோடையிலேயே ஏதென்ஸின் படை அடுத்த போருக்குச் சிசிலித் தீவை நோக்கிக் கிளம்பியது.

கேள்வி: கொலையை மேடையில் காட்டுவதில்லையாமே, பிறகு போர் எப்படித் தெரியும்?

பதில்: செய்தியாகவும், மிஞ்சிய பொருளாகவும். ‘ட்ராய் நாட்டுப் பெண்க’ளில் மாண்ட ட்ராய் வீரன் ஹெக்டரின் சின்ன மகனைக் கிரேக்கர்கள் மதிலிலிருந்து வீசிக் கொன்றது நம் கண்ணில் படாது. பிணம்தான் வரும், தகப்பனின் கேடயத்தில் கிடத்தப்பட்டு. பாட்டி ஹெகுபா பேரனுக்காகப் புலம்பிவிட்டு, அந்தக் கேடயத்தோடும் பேசுகிறாள். கைப்பிடியில் ஹெக்டரின் கை பதிந்த தடத்தைப் பார்க்கிறாள். போரிடும்போது தாடியோடு அணைத்துப் பிடித்ததில், நெற்றி வியர்வை வழிந்து விளிம்பில் படிந்த கறையைப் பார்க்கிறாள். அதன் பிறகே பேரனின் உடலுக்கு அலங்காரம் செய்யத் தொடங்குகிறாள்.