கேள்வி–பதில்: சிடியில் கிடக்கும் தமிழ்ப் பக்கங்களும் இனி வரும் இணையமும்

எங்கள் ஊர் வரலாற்றை 2001-இல் இணையதளமாகப் போட்டிருந்தோம். கோப்புகள் சிடியில் இருக்கின்றன. இப்போது திறந்தால் வெறும் கிறுக்கலாக வருகிறதே, மீட்க முடியுமா? – வாசகர், காரைக்குடி

மீட்கலாம். சிடி படிக்கிறதென்றால் எழுத்து எதுவும் போய்விடவில்லை. அந்தக் காலத் தமிழ்ப் பக்கங்களில் பெரும்பாலானவை, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் கிறுக்கல். 'பாமினி' என்ற அந்தக் கால எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்துதான். எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் 'டைனமிக் ஃபாண்ட்' ஏற்பாடும் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகை, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை. இரண்டு உலாவிகளும் போய்விட்டன, கூடவே அந்த வசதியும் போனது.

சிடியிலிருந்து கோப்புறையை நகலெடுத்து, நகலில் மட்டும் கைவையுங்கள். ஒரு பக்கத்தை நோட்பேடில் திறந்தால் 'ஃபாண்ட் ஃபேஸ்' என்ற இடத்தில் எழுத்துருவின் பெயர் இருக்கும். பாமினி என்றிருந்தால் சந்தேகமே இல்லை. டிஎஸ்சி என்று தொடங்கினால் டிஸ்கி என்ற குறியீடு, அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஒரு முறை. டேப், டேம் என்று தொடங்கினால் 1999-இல் தமிழக அரசு ஏற்ற குறியீடுகள். எந்தக் குறியீடு என்று தெரிந்தபிறகே, அதை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்குக் கொண்டுவரும் மென்பொருளான மாற்றியைத் தொடுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு.

கோப்பைப் பாழாக்குவது பெரும்பாலும் அடுத்த படிதான். டிஸ்கி கோப்பை யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் வடிவம்) என்று எண்ணித் திறக்கும் எடிட்டர், தனக்குப் புரியாத ஒவ்வொரு பைட்டையும் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாகக் காட்டும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் எல்லாத் தமிழ் எழுத்தும் ஒரே கேள்விக்குறியாகிவிடும். அதை எந்த மாற்றியாலும் திருப்ப முடியாது. திறக்கும்போதே குறியீடு 'வெஸ்டர்ன்' அல்லது 'லத்தீன்-1' என்று சொல்லிவிடுங்கள்.

பாமினியில் சிக்கல் வேறு. முழுப் பக்கத்தையும் மாற்றியில் ஒட்டினால், பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் குறிகளும் ஆங்கில எழுத்துகள்தானே, அவையும் தமிழாகிப் பக்கம் சிதறும். குறிகளுக்கு நடுவிலுள்ள வாசகத்தை மட்டும் எடுத்து மாற்றுங்கள். இடையில் ஆங்கிலப் பெயர்களோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

மாற்றியபின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் வரும் சொற்களைச் சரிபாருங்கள். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், மெய் பிறகு. யூனிகோடில் மெய் முதலில். மட்டமான மாற்றி இந்த வரிசையில் சறுக்கும். டிஸ்கி பக்கமாக இருந்தால் 'இ' எழுத்தையும் பாருங்கள். அதன் எண் 173. மேலை மொழிக் குறியீட்டில் அந்த எண், வரி உடையும்போது மட்டும் தெரியும் இணைப்புக்கோட்டுக்கு உரியது. பல மென்பொருள்கள் அதை மறைத்துவிட, 'இங்கே' வெறும் 'ங்கே' ஆகும். பிற்பாடு 'இ'க்கு 254 என்ற இடமும் கொடுத்தார்கள்.

கடைசியாக, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் குறியீடு எது என்று உலாவிக்குச் சொல்லும் 'மெட்டா சார்செட்' வரியைப் போட்டு, பழைய எழுத்துருப் பெயர்களை நீக்குங்கள்.

சிடியே இல்லையென்றால்? – அதே வாசகர்

1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' பகுதியில் தளத்தின் பழைய முகவரியைக் கொடுத்துத் தேடுங்கள். பக்கம் கிடைத்தால், முகவரியில் வரும் 14 இலக்கத் தேதி எண்ணை ஒட்டி ஆங்கிலத்தில் ஐ, டி, அடிக்கோடு என்று மூன்றையும் சேர்த்துத் திறங்கள். ஆர்க்கைவ் நுழைக்கும் மேல்பட்டையும் மாற்றிய இணைப்புகளும் இல்லாமல் மூலப் பக்கம் அப்படியே வரும். அதைச் சேமித்து மேலே சொன்னபடி மாற்றலாம்.

யூனிகோடில் தமிழ் ஆரம்பத்திலிருந்தே உண்டாமே. பிறகு ஏன் இத்தனை குறியீடுகள்? – வாசகி, கோவை

உண்மைதான், 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் இடம் கொடுத்தால் போதாது. 'கி'க்குத் தனி எண் இல்லை. 'க'வையும் 'ி' என்ற விசிறியையும் இயங்குதளம்தான் சேர்த்து வரைய வேண்டும். விண்டோஸ் 98-க்கு அது தெரியாது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் சாதாரண மேசைக் கணினியில் அது நடந்தது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாதே! மின்னஞ்சல் குழுக்களில் கூடியவர்கள் டிஸ்கியை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டேம், டேப், தமிழ்99 விசைப்பலகை ஆகியவை வந்தன.

இட நெருக்கடியும் ஒரு காரணம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு டிஸ்கியில் 4 பைட் போதும். யூடிஎஃப்-8 வடிவில் ஐந்து குறியெண்கள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. டயல்-அப் காலத்தில் அது பெரிய வித்தியாசம். தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ்-16 குறியீட்டையும் தரமாக அறிவித்தது. டேஸ்-16-இல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் இணையப் பக்கத்துக்கு உதவாது.

'கௌரி' என்று தேடினால் எங்கள் உறுப்பினர் பட்டியலில் பாதிப் பெயர்கள் வருவதில்லை. – சங்கச் செயலாளர், திருச்சி

பட்டியலில் சில பெயர்கள் ககரத்தோடு ஔகாரக் குறி சேர்த்தவை. மற்றவை ககரம், ஒற்றைக்கொம்பு, பிறகு முழு ளகரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சந்தேகமிருந்தால் பெயருக்குப் பின்னால் கர்சரை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கடைசியில் 'கெ' தனியாக நின்றால் தட்டச்சு தவறு. 'கெளரி'யைத் தேடி 'கௌரி' என மாற்றுங்கள். ஆனால் 'கெள' எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றாதீர்கள், 'கெளுத்தி' மீன் 'கௌுத்தி' ஆகிவிடும்.

'ஸ்ரீ'யும் அப்படித்தான். 2005-இல் யூனிகோடில் 'ஶ' சேர்ந்தபின் அதை 'ஸ' வைத்தும் 'ஶ' வைத்தும் எழுத முடிகிறது. தட்டச்சு செய்பவர்கள் எல்லோரும் ஒன்றையே பயன்படுத்தும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக அடித்த 'கொ'வுக்குப் பயப்பட வேண்டாம். யூனிகோட் அதையும் ஒற்றைக் குறி 'கொ'வையும் சமமாகவே கருதுகிறது. மென்பொருளில் 'நார்மலைசேஷன்' இயக்கினால் ஒன்றாகிவிடும்.

வெப் 3 வரப்போகிறதா? – மாணவர், மதுரை

'வெப் 3' என்று, பிளாக்செயின் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேடு) பெயரைச் சொல்லி வந்ததில் பாதிக்கு மேல் விற்பனைப் பேச்சு. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலை பரவியதற்கு முக்கியக் காரணம், 1993 ஏப்ரல் 30-இல் செர்ன் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டதுதான். அதே வழியில் வந்தது, வெவ்வேறு சமூக வலைத்தளங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் ஆக்டிவிட்டிபப். 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைத் தரமாக ஏற்றது. ட்விட்டர் போன்ற மாஸ்டடான் அதில்தான் ஓடுகிறது. ஒரு சேவையகத்தில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். கவனிக்க வேண்டியது இதைத்தான். எதில் எழுதினாலும் சொந்த டொமைனில் ஒரு பிரதி வையுங்கள். 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடியபோது இலவச இடத்தில் மட்டும் பக்கம் வைத்திருந்தவர்கள் முகவரியையே இழந்தார்கள்.

ஏஐ நிறுவனங்கள் எங்கள் கட்டுரைகளை எடுப்பதைத் தடுக்க வழி உண்டா? – சிற்றிதழ் ஆசிரியர், யாழ்ப்பாணம்

வேண்டாம் என்று சொல்லலாம், பூட்ட முடியாது. 'ரோபோட்ஸ்' என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் தளத்தின் வேர்க் கோப்புறையில் வையுங்கள். உட்கோப்புறையில் வைத்தால் எந்த 'பாட்'டும் (தளங்களைத் தானாகச் சுற்றிப் படிக்கும் நிரல்) பார்க்காது. நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் கடைசியில் 'டெக்ஸ்ட்' நீட்டிப்பு இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும், அதையும் பாருங்கள். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டு வரி: 'யூசர்-ஏஜென்ட்' என்றெழுதி ஜிபிடிபாட் (ஓபன்ஏஐயின் பாட்), அடுத்த வரியில் 'டிஸ்அலோ' என்றெழுதி ஒரு சாய்கோடு. சிசிபாட் (காமன் கிரால் அமைப்பினுடையது), கூகுள்-எக்ஸ்டெண்டட் (கூகுளின் ஏஐ பயன்பாட்டுக்கானது) இரண்டுக்கும் இதேபோல் தனித்தனியாக எழுதுங்கள். 1994-இலிருந்து பழக்கத்தில் இருந்த இந்த முறை 2022-இல்தான் முறையான தரமானது. மதிக்காத பாட்டுகளைச் சேவையகத்திலேயே மறிக்க வேண்டும்.

தவறிப்போய் 'கூகுள்பாட்' என்று எழுதிவிடாதீர்கள், அது கூகுள் தேடலுக்கான பாட்; தேடலிலிருந்தே மறைந்துபோவீர்கள். கூகுள்-எக்ஸ்டெண்டடைத் தடுத்தாலும் தேடல் பக்கத்தின் தலையில் வரும் ஏஐ சுருக்கத்தில் உங்கள் வரிகள் வரலாம்; அது கூகுள்பாட்டின் கணக்கில் சேரும். அதை நிறுத்தப் பக்கத்தில் 'நோஸ்னிப்பெட்' குறி போட வேண்டும். போட்டால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கமும் சேர்ந்தே போய்விடும்.