கரண்ட் போய் வந்த மறுநாள்: ரவுட்டர் கேள்வி-பதில்

ஐப்பசி இடி தொடங்கியாயிற்று. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, கரண்ட் போய் வந்த மறுநாள் எழுதியவை. எல்லாருமே சிஸ்கோ நிறுவன ரவுட்டர் வைத்திருப்பவர்கள் என்பதால் கட்டளைகளும் அதற்கானவையே.

ரவுட்டர் பூட் ஆகவில்லை. மிக அவசரம். என்ன செய்ய? (திங்கள்சந்தை)

மாடல் இல்லை, திரையில் என்ன வந்தது என்றும் இல்லை. அவசரம் மட்டும் இருக்கிறது. கணினியை ரவுட்டரோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளை மாட்டி, வருவதை முதல் வரியிலிருந்து அப்படியே எடுத்து அனுப்புங்கள். பிறகு பேசுவோம்.

கன்சோலில் வெறும் கிறுக்கல்தான் வருகிறது. (குளச்சல்)

கணினியின் டெர்மினலில் வேகத்தை 9600 வையுங்கள். சரியாகவில்லையென்றால் 115200. எப்படி எழ வேண்டும் என்று ரவுட்டருக்குச் சொல்லும் எண்தான் கன்ஃபிகரேஷன் ரிஜிஸ்டர்; அதில் கன்சோல் வேகத்துக்கும் பிட்டுகள் உண்டு. யாராவது அதில் கைவைத்திருக்கலாம். உங்கள் ஊர் உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ரைட் மெமரி கொடுத்துச் சேமிக்கிறேன். கரண்ட் போய் வந்தால் எல்லாம் காலி. என்வி ரேம் (சேமித்த அமைப்பு இருக்கும் நினைவகம்) போய்விட்டதா? (மார்த்தாண்டம்)

என்வி ரேமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஷோ வெர்ஷன் போட்டுக் கடைசி வரியைப் படியுங்கள். ரிஜிஸ்டர் 2142 என்று இருக்கும், பந்தயம் கட்டலாம்.

எப்போதோ ஒருவர் பாஸ்வேர்டை மீட்க ரோம்மானில் (பூட் ஆவதற்கு முந்தைய அடிப்படைத் திரை) ரிஜிஸ்டரை 2142 ஆக்கியிருக்கிறார். ஸ்டார்ட்அப் கன்ஃபிக்கை, அதாவது சேமித்து வைத்த அமைப்பை, படிக்காதே என்பதுதான் அதற்கு அர்த்தம். வேலை முடிந்ததும் 2102-க்குத் திருப்பவில்லை. நீங்கள் சேமிப்பது ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறது; பூட் ஆகும்போது பெட்டி அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய ஆத்திரம் ஒன்று உண்டு. ஒரு கல்லூரியில் இதே கதை. மீட்டவர் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். யுபிஎஸ் இருந்ததால் நாலைந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை. ஓர் இடி மழையில் யுபிஎஸ்ஸும் படுத்தது. ரவுட்டர் வெறும் பெட்டியாக எழுந்து, ஆரம்ப அமைப்புக்குள் போகவா என்று கேட்டது. அங்கிருந்த பையன் பதறிப்போய் ஆமாம் என்று சொல்லி, இரண்டு ஐபி முகவரி போட்டுச் சேமித்தும்விட்டான். உள்ளே பத்திரமாக இருந்த கன்ஃபிக் அந்த நொடியில் அழிந்தது. நான் போனபோது மிச்சமிருந்தது பழைய நோட்டில் பென்சிலால் எழுதிய முகவரிகள் மட்டும். அவனைத் திட்ட மனம் வரவில்லை.

ஆகவே நீங்கள் அடுத்த முறை அந்தக் கேள்விக்கு 'நோ' சொல்லுங்கள். எதையும் சேமிக்காமல் எனேபிள் நிலைக்குப் போய், ஸ்டார்ட்அப் கன்ஃபிக்கை இப்போது ஓடும் ரன்னிங் கன்ஃபிக்குக்குக் காப்பி செய்யுங்கள். இன்டர்ஃபேஸ்கள் (போர்ட்டுகள்) ஷட்டவுனில் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் நோ ஷட்டவுன். ரிஜிஸ்டரை 2102 ஆக்கி, அப்புறம் ரைட் மெமரி. கடைசி வரியை மறுபடி பாருங்கள்: அடுத்த ரீலோடில் 2102 ஆகும் என்று அதுவே சொல்லும்.

புது ஐஓஎஸ் (ரவுட்டரின் இயங்குதளம்) ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது, எந்த ஃபைலில் எழ வேண்டும் என்று சொல்லும் பூட் சிஸ்டம் வரியும் சேர்த்தேன். எழுவது பழையது. (தக்கலை)

புது வரி வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்திருக்கும். ரவுட்டர் மேலிருந்து கீழாக முயல்கிறது. பழைய ஃபைல் நன்றாக இருக்கும்வரை உங்கள் வரிக்கு முறை வராது. பழைய வரியை 'நோ' போட்டு எடுத்து, புதியதை முதலிலும் பழையதை இரண்டாவதாகவும் கொடுத்துச் சேமியுங்கள். பழைய ஃபைலை ஃபிளாஷிலிருந்து அழிக்காதீர்கள். ரிஜிஸ்டர் 2102 தானா என்றும் ஷோ வெர்ஷனின் கடைசி வரியில் பாருங்கள்.

நெட்வொர்க் வழியாக டிஎஃப்டிபியில் அனுப்பும் ஃபைல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. (கருங்கல்)

சுமார் 32 எம்பியிலா? பழைய டிஎஃப்டிபி 512 பைட் துண்டுகளாக அனுப்பும். துண்டுக்கு இடும் எண் 65,535-ஐத் தாண்டாது. பெருக்கிப் பாருங்கள். எஃப்டிபியோ யுஎஸ்பியோ பயன்படுத்துங்கள். ஃபிளாஷுக்கு வந்ததும் எம்டி5 (ஃபைல் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்க்காமல் ரீலோட் கொடுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி தாண்டி ஒரு சைட். இங்கிருந்தே மாற்றம் செய்யப் பயமாக இருக்கிறது.

நல்ல பயம். முதலில் ரீலோட் இன் 15 கொடுங்கள்; 15 நிமிடத்தில் தானே மறுபடி பூட் ஆகச் சொல்வது அது. பிறகு மாற்றுங்கள், சேமிக்காதீர்கள். இணைப்பு அறுந்தால் கால் மணி நேரத்தில் பழைய கன்ஃபிக்கோடு தானே எழும். அறுந்து போகாவிட்டால் ரீலோட் கேன்சல், ரைட் மெமரி. காற்றாலைகளைப் பார்த்தபடி பைக்கில் போகும் செலவு மிச்சம்.

கற்றுக்கொள்ள செகண்ட் ஹேண்ட் ரவுட்டர் வாங்கலாமா? (வடசேரி)

வாங்கலாம். விற்றவர் பாஸ்வேர்டு தெரியாமல் 2142 போட்டுத்தான் திறந்திருப்பார். ஷோ வெர்ஷன், கடைசி வரி!