ஹிப்னோபர்த்திங்: பயமில்லாமல் பிரசவத்துக்குத் தயாராவது (கேள்வி பதில்)

லேபர் வார்டில் மருத்துவச்சியாக வேலை செய்கிறேன், கர்ப்பிணிகளுக்கு ஹிப்னோபர்த்திங் வகுப்பும் எடுக்கிறேன். மூச்சுப் பயிற்சி, தளர்வு ஆடியோ (உடம்பையும் மனதையும் தளர்த்தும் ஒலிப்பதிவு) இவற்றால் நம்மை நாமே ஆழ்ந்த தளர்வுக்குக் கொண்டுபோய்ப் பிரசவத்தை எதிர்கொள்ளப் பழகுவதுதான் இது. வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஹிப்னாட்டிசம் என்றால் மயங்கிவிடுவோமா? சுற்றி நடப்பது தெரியாதா?

எல்லாம் தெரியும். நல்ல கதையில் மூழ்கியிருக்கும்போது பக்கத்து அறைச் சத்தம் காதில் விழுந்தும் விழாததுபோல இருக்குமே, அதுதான் இந்த நிலை. பேசலாம், நடக்கலாம், வேண்டாம் என்றால் அந்த நிமிடமே வெளியே வரலாம். உங்களை யாரும் வசப்படுத்துவதில்லை.

இதன் வேர் பிரிட்டிஷ் மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1930களில் சொன்ன கருத்து. பயந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயமும் கூடுகிறது என்றார் அவர். பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினுக்குத் தடையாக நிற்கும். வீட்டில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த வலி, மருத்துவமனை வாசலுக்கு வந்ததும் மந்தமாவதை வார்டில் அடிக்கடி பார்க்கிறோம்.

எத்தனையாவது வாரத்தில் தொடங்கலாம்?

28 முதல் 30 வாரத்துக்குள் தொடங்கினால் நிதானமாகப் பழகலாம். தினமும் 15, 20 நிமிடம் போதும். தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு. ஆனால் தளர்வு ஆடியோவை வண்டி ஓட்டும்போது கேட்கவே கூடாது.

வகுப்பில் சொல்லித்தந்த மூச்சு எனக்கு வரவில்லை. எண்ணத் தொடங்கினாலே பதற்றமாகிறது.

அப்படியானால் எண்ணாதீர்கள். மூக்கு வழியாக இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடச் சொல்வது ஒரு வழிகாட்டி மட்டுமே.

இப்போதே செய்து பாருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது கை மேலே எழ வேண்டும், தோள் எழக்கூடாது. விடும்போது முதலில் தாடையைக் கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைத் தளர்த்த முடியாது. உதடு லேசாகப் பிரியட்டும், நாக்கு கீழே படியட்டும். அப்புறம் தோள், கடைசியில் உள்ளங்கை. விரல்கள் மடங்கியிருந்தால் விரித்துவிடுங்கள். பிரசவத்தின்போது வயிறு இறுகத் தொடங்கியதும் இதையே செய்ய வேண்டும். ஒரு சுருக்கம் ஏறக்குறைய 1 நிமிடம் இருக்கும், நாலைந்து நீண்ட மூச்சில் உச்சி கடந்துவிடும். வேக வேகமாக மூச்சு விட்டால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படியானால் வேகத்தைக் குறையுங்கள்.

எனக்கு 35 வாரம். இப்போது தொடங்கலாமா?

தொடங்கலாம். இன்று இரவே.

இதைப் பழகினால் வலியே இருக்காதாமே?

அப்படி யாரும் உங்களுக்கு உறுதி சொல்ல முடியாது. பயம் குறையும், வலியைச் சமாளிக்கும் தெம்பு வரும். வலி எவ்வளவு இருக்கும் என்பது குழந்தை திரும்பியிருக்கும் விதம், பிரசவம் நீளும் நேரம் எனப் பலவற்றைப் பொறுத்தது.

நீங்களே இப்படி நம்பிக்கையைக் கெடுக்கலாமா? எனக்கு வலியில்லாமல்தான் பிறந்தது. மனசு வைத்தால் எல்லோருக்கும் முடியும்.

உங்களுக்கு அப்படி அமைந்ததில் எனக்கு மனமார்ந்த சந்தோஷம். ஆனால் "மனசு வைத்தால் முடியும்" என்பதை நான் ஏற்க மாட்டேன். வலித்தவர்கள் மனசு வைக்கவில்லை என்றாகிவிடும்.

பல மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் 9 சோதனைகள், ஏறக்குறைய 3,000 பெண்கள். ஹிப்னாசிஸ் பழகியவர்களில் வலி மருந்து எடுத்தவர்கள் மொத்தத்தில் குறைவு. எபிட்யூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் ஊசி) போட்டுக்கொண்டதில் மட்டும் தெளிவான வேறுபாடு இல்லை. பிரிட்டனில் 680 பெண்களிடம் நடந்த சோதனையிலும் எபிட்யூரல் விஷயத்தில் இதே முடிவுதான். ஆனால் பழகியவர்களுக்குப் பிரசவ நேரப் பயம் தாங்கள் நினைத்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. அந்தப் பலனுக்காகத்தான் நான் இதைச் சொல்லித்தருகிறேன்.

நான் எபிட்யூரல் கேட்டேன். இன்னும் தோற்றுப்போன மாதிரியே இருக்கிறது.

நீங்கள் தோற்கவில்லை, ம்மா. 14 மணி நேரம் தூங்காத உடம்புக்கு ஓய்வு தேவை என்று புரிந்துகொண்டு கேட்பது தெளிவான முடிவு. ஊசி போடும்போது அசையாமல் இருக்க வேண்டியிருக்கிறதே, அதற்கும் இதே மூச்சுதான் கைகொடுக்கும். மேலே எழுதிய தோழி இதையும் படிக்க வேண்டும். வலியில்லாப் பிரசவம் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கும் வகுப்புகள் மேல் எனக்குக் கோபம் வருவது, இப்படிக் குற்ற உணர்வோடு வருகிறவர்களைப் பார்ப்பதால்தான்.

மனைவிக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

அறையில் வெளிச்சத்தைக் குறையுங்கள். சுருக்கம் வரும்போது கேள்வி கேட்காதீர்கள். அவர் தோளில் கை வைத்து, நீங்கள் முதலில் மெதுவாக மூச்சு விடுங்கள், அவர் உங்களோடு சேர்ந்துகொள்வார். ஊழியர்கள் கேட்பதற்கு முடிந்தவரை நீங்கள் பதில் சொல்லுங்கள். ரத்தப்போக்கு, பச்சை நிறப் பனிக்குட நீர், கடுமையான தலைவலி, கண் மங்கல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆடியோவை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

33 வாரம், தொடங்கலாமா?

வாரம் பற்றி மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து படியுங்கள். இனி இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன்.

சிசேரியன் தேதி குறித்தாகிவிட்டது. இது வீண்தானே?

இல்லை. முதுகில் ஊசி போடும்போதும், திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும்போதும் இதே மூச்சு உதவும்.

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். செய்யலாமா?

உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இதேதான்.

நேற்றிலிருந்து குழந்தை அசைவு குறைவாகத் தெரிகிறது. பதற்றம் குறைய எந்த ஆடியோ கேட்கலாம்?

எதுவும் கேட்க வேண்டாம். இப்போதே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள், நாளை வரை காத்திருக்காதீர்கள். அங்கே இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். வீணாக வந்துவிட்டோமோ என்ற கூச்சம் வேண்டாம், அசைவு குறைந்தது என்று வருபவரை எந்த மருத்துவச்சியும் குறை சொல்ல மாட்டார். பார்த்து முடிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள்.