புன்டியஸ் பேரினம் பிரிந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிளாக் ரூபி பார்ப் மீனைப் பழைய நூல்கள் புன்டியஸ் என்கின்றன, புதியவை பெத்தியா என்கின்றன. எதை ஏற்பது?

பதில்: பெத்தியா நைக்ரோஃபாசியாட்டா என்பதே இன்று ஏற்கப்பட்ட பெயர். கங்கை மீன்களைப் பற்றி 1822இல் எழுதிய ஹாமில்டன் ஏற்படுத்திய புன்டியஸ் என்னும் பிரிவுக்குள், பின்வந்தவர்கள் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கிடைத்த சிறுகெண்டைகளுள் பெரும்பாலானவற்றைத் திணித்துவிட்டனர். 2012இல் ரோஹன் பெத்தியாகொடவும் அவருடைய இலங்கைச் சகாக்கள் இருவரும் உடலமைப்பையும் மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் ஒப்பிட்டு, தெற்காசிய இனங்களை 5 பேரினங்களாக, அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதிகளாக, பிரித்தனர்: புன்டியஸ், சிஸ்டோமஸ், டாக்கின்சியா, திராவிடியா, பெத்தியா. அலங்கார மீன் கடைகள்தாம் இன்னும் பழைய பெயரை விடவில்லை.

கேள்வி: ஆய்வுக்கூடம் இல்லாதவர்கள் இவற்றைப் பார்த்தே பிரித்தறிய முடியுமா?

பதில்: ஒரு கைலென்ஸ் இருந்தால் பெரும்பாலும் முடியும். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில், துடுப்பைத் தாங்கும் கிளைவிடாத கதிர்களுள் கடைசியானதன் பின்விளிம்பைப் பாருங்கள். பெத்தியாவில் அது விறைப்பாகவும் ரம்பப் பற்களுடனும் இருக்கும். டாக்கின்சியாவில் பற்களின்றி மெலிந்திருக்கும். சிஸ்டோமஸிலும் ரம்பப் பற்கள் உண்டு என்பதால் அடுத்து வாயோரம் பார்க்க வேண்டும்: சிஸ்டோமஸுக்கு இரண்டு இணை மீசைகள் உண்டு, பெத்தியாவுக்கு மீசையே இராது, இருந்தாலும் மிகச் சிறிய ஓர் இணைதான். நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. டாக்கின்சியா குஞ்சுகளின் உடலிலுள்ள கருப்புப் பட்டைகள் வளர வளர மங்கிவிடுகின்றன, இனப்பெருக்கக் காலத்தில் பிளாக் ரூபி ஆண் அடியோடு வேறு மீனாகத் தெரிகிறது.

கேள்வி: அந்த ஐந்தில் திராவிடியா என்றொரு பேரினம் இருந்ததே, அது என்னவாயிற்று?

பதில்: அப்பெயர் ஏற்கெனவே ஓர் ஈப் பேரினத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. இரு விலங்குப் பேரினங்களுக்கு ஒரே பெயர் கூடாது என்பது விதியாதலால், 2013இல் ஹலுடேரியா என மாற்றினார்கள். ஹாமில்டனுக்கு மீன் படங்கள் வரைந்த வங்க ஓவியர் ஹலுதாரின் நினைவாக இட்ட பெயர் இது. முந்தையதைவிடப் பொருத்தமானது என்பேன்.

கேள்வி: தாமிரபரணிக்கு உரிய இனம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு, டாக்கின்சியா தாம்பரபர்னியை என்னும் இனம். 1954இல் மீனியல் அறிஞர் சைலஸ் இதை, இன்று டாக்கின்சியா அருலியஸ் எனப்படும் இனத்தின் துணையினமாகவே விவரித்தார். பின்னர்தான் தனி இனமாக ஏற்கப்பட்டது.

கேள்வி: டைகர் பார்ப் இந்த ஐந்தில் எதில் சேரும்?

பதில்: எதிலும் சேராது. அது தென்கிழக்காசிய மீன். 2013இல் மீனியல் அறிஞர் கொட்டலா அதற்கும் அதன் உறவினங்களுக்கும் புன்டிகிரஸ் என்ற தனிப் பேரினத்தை ஏற்படுத்தினார்.